தனலெட்சுமியின் பொறுப்பில்

தனலெட்சுமி மூன்று வருஷமாக நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். பினாங்கு துறைமுகத்தை ஒட்டிய கூலிக்காரர் வீடுகளில் முதல் வருஷம் அதைப் பற்றிப் பேசினார்கள், இரண்டாம் வருஷம் பேச்சு குறைந்தது, மூன்றாம் வருஷம் வெற்றிலை விலை ஏறிப்போனதால் எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். பிள்ளை உயிரோடுதான் இருந்தது. கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் உள்ளேயிருந்து உதைத்தது. அதற்கு வெளியே வர மனமில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அது தப்பு. பிள்ளைக்கு மனமிருந்தது, வழிதான் அடைபட்டிருந்தது. அடைத்தவள் தனலெட்சுமியே.

அவள் புருஷன் அய்யாக்கண்ணு துறைமுகத்தில் தண்டல். தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டையும் ஈயக்கட்டியும் இறக்கும் நாற்பது பேருக்குத் தலைவன். அவர்கள் எல்லோருக்கும் மேலே, கரையோரத்து அங்சானா மரத்தடியில் கல்லாக நின்ற முனீஸ்வரர். ஆடி மாதம் அவருக்குச் சேவலும் சுருட்டும் பச்சை வாசம் மாறாத கஞ்சாவும் படைத்தாக வேண்டும். ஓர் ஆடியில் காய்ந்து சருகாய்ப் போனதை வைத்துவிட்டார்கள். மறுவாரமே பாரம் தூக்கும் கயிறு அறுந்து, மூட்டைகள் விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். கயிற்றை யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் சர்க்கார், கஞ்சா விற்ற லைசென்ஸ் கடையையே மூடியது. கஞ்சாவை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்றது. கடை மூடிய அன்று வாங்கிய கடைசிப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆட்கள் யோசித்தார்கள். படைத்தால் தீர்ந்துபோகும். முனிக்கு வேண்டியது வாசம்தானே, காட்டிவிட்டு எடுத்து வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. சாமியிடமே சாமர்த்தியம் காட்டுகிறவர்கள் நம் துறைமுகத்தில் எப்போதும் உண்டு.

அதை வாடாமல் வைப்பது எப்படி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டில் வைக்க முன்வரவில்லை. பொட்டலம் தண்டல் வீட்டுக்குத்தான் வந்தது. நிறைமாதமாக இருந்த தனலெட்சுமி, சீன ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பொட்டலத்தை வாழைப்பட்டையில் சுற்றி உள்ளே வைத்து, மூடியைத் தேன்மெழுகால் தன் கையாலேயே அடைத்து, அரிசிப் பெட்டிக்குள் புதைத்தாள். அறுந்த கயிறு அவள் மனசை விட்டுப் போகவில்லை. “முனியய்யா, இது வாடக் கூடாது. என் பொறுப்புல இருக்குற எதுவுமே வாடக் கூடாது” என்று வேண்டிக்கொண்டாள். முதல் வேண்டுதலோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று காய்ச்சிய பால் மறுநாளும் திரியவில்லை, மறுமாதமும் திரியவில்லை. அவள் தலையில் வைத்த மல்லிகை வெள்ளை மாறவில்லை. மீன்குழம்பு சட்டி காலியாகும்வரை முதல் நாள் ருசியோடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வயிறெரிந்தது. ஆனால் அதே வாரத்தில் அய்யாக்கண்ணுவின் பாதத்தில் மூட்டைக் கொக்கி குத்திய காயமும் ஆறவில்லை. தினம் காலையில் இப்போதுதான் குத்தியதுபோல ரத்தம் கசிந்தது. கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு ஜெயில் சாமானைக் கொண்டுவரலாமா என்று இருவருக்கும் வந்த சண்டையும் ஆறவில்லை. ராத்திரி விட்ட வார்த்தையிலேயே மறுநாள் விடிந்தது. பிரசவ வலி மட்டும் வரவேயில்லை.

பிரசவம் பார்க்கும் பீடான் சுலைஹா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துப் பார்த்தாள். அங்கே தயிர் உறைய மறுத்தது, வாழைத்தார் பழுக்க மறுத்தது. சுலைஹாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தனலெட்சுமியின் வாயிலிருந்து வேண்டுதலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “நீ அடச்சத நீதான் தொறக்கணும், தனம். வேற கை தொறந்துச்சுன்னா புள்ள அங்கனயே தங்கிரும்லா” என்றாள். சுலைஹாவின் புருஷன் நூர் முகம்மது போலீஸில் சார்ஜன். அவரிடம் அவள் இதை மூச்சு விடவில்லை. அய்யாக்கண்ணுவிடம் சொன்னபோது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். “நாப்பது பேரு உசுருலா அதுல இருக்கு. இந்த ஆடி போவட்டும்” என்றான். ஒவ்வோர் ஆடியிலும் அதையே சொன்னான். அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது. செத்த இரண்டு பேரையும் தோளில் தூக்கிப்போனவன் அவன். கூடைக்குள் மறைத்து ஜாடியை மரத்தடிக்குக் கொண்டுபோவார்கள். கல்லுக்கு முன்னால் வைத்ததும் மெழுகைத் தாண்டிப் பச்சை வாசம் கிளம்பும், ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புவார்கள். கயிறு அறுவதில்லை. தனலெட்சுமியோ அரிசி அளக்கும்போதெல்லாம் ஜாடியின் மெழுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். யாராவது அதைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளைத் தின்றது.

மூன்றாவது ஆடியில் அந்த வாசம், புதிதாக மாற்றலாகி வந்த வெள்ளைக்காரப் போலீஸ் துரையின் மூக்குக்கு எட்டியது. மறுநாள் காலை அவர் சார்ஜன் நூர் முகம்மதுவையும் மாத்தாமாத்தா என்கிற போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தண்டல் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சுலைஹா தனலெட்சுமியின் வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தன் மனைவியை அங்கே பார்த்த சார்ஜனுக்கு முகம் கறுத்தது. பாயை உதறினார்கள், சாமி படத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள். அய்யாக்கண்ணு சுவரோரம் நின்றான். அவன் பாதத்து ரத்தம் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியது. கடைசியில் சார்ஜன் அரிசிப் பெட்டியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டார். ஜாடி வெளியே வந்தது. அவர் கட்டைவிரல் மெழுகின்மேல் போய் நின்றது.

“வேணாம் சார்ஜன்! நான் தொறக்கிறேன். எங்கிட்ட குடுங்க” என்று தனலெட்சுமி எழுந்தாள்.

“தொடாத தனம்!” என்று அய்யாக்கண்ணு கத்தினான். “நாப்பது பேருடி!”

“நாப்பது பேருக்கு முனி இருக்காரு. இந்தப் புள்ளைக்கு நான்தான் இருக்கேன்.”

சார்ஜன் மனைவியைப் பார்த்தார். சுலைஹா தலையை மட்டும் அசைத்தாள். அவர் ஜாடியைத் தனலெட்சுமியின் கையில் கொடுத்தார். துரை தடுக்க வாயெடுப்பதற்குள் அவள் நகத்தால் மெழுகைக் கீறி மூடியைத் திருகிவிட்டாள்.

மூன்று வருஷம் ஒன்றாக வந்து இறங்கியது. அவள் தலையிலிருந்த மல்லிகை கறுத்து உதிர்ந்தது. சட்டியிலிருந்த குழம்பு ஊசி, அந்த நாற்றத்தில் மாத்தாமாத்தாக்கள் வாசலுக்கு ஓடினார்கள். அய்யாக்கண்ணுவின் காயம் எல்லோரும் பார்க்கப் பொருக்குத் தட்டி, பொருக்கு விழுந்து, தழும்பானது. துரை ஜாடியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். பழுப்புத் தூசி ஒரு பிடி விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார், தும்மினார். “அபுக் தான், துவான். வெறும் தூசு” என்று துரையிடம் சொன்னார் சார்ஜன். அப்போது தனலெட்சுமி அலறிய அலறலில் துரையின் தொப்பி கீழே விழுந்தது. சுலைஹா ஆண்களை எல்லாம், துரை உட்பட, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பிறந்தது பெண். இடுப்புவரை முடியும் வாய் நிறையப் பல்லும் இருந்தன. மூன்றாம் நாள் எழுந்து நடந்து, தண்ணீர் கேட்டது. முனியம்மா என்று பெயர் வைத்தார்கள். அய்யாக்கண்ணு மகளைத் தூக்கி அழுதான். மனைவியோடு போட்ட சண்டை எதைப் பற்றி என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் ஆட்கள் அவனோடு பேசவில்லை. வேலைக்கு வந்தார்கள், பாரம் தொங்கும் இடத்துக்குக் கீழே மட்டும் போக மறுத்தார்கள். அடுத்த ஆடியில் மரத்தடியில் சேவலும் சுருட்டும் மட்டுமே இருந்தன. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தனலெட்சுமி மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மகளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஒதுங்கி நின்றாள். முனியம்மாவின் உச்சந்தலையிலிருந்து, அன்று பறித்ததுபோல, ஈரமான பச்சை வாசம் கிளம்பியது. ஆட்கள் அதை மூக்கில் வாங்கினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பாரத்தின் கீழே போய் நின்றார்கள்.

முனியம்மாவை நிபோங் திபாலில் கட்டிக்கொடுத்தார்கள். ஆடி பிறந்தால் அவள் ரயிலேறி, பெர்ரி பிடித்துப் பினாங்கு வந்துவிடுவாள். துறையில் புதிதாக வந்த மாத்தாமாத்தா யாராவது வாசம் பிடித்து அவளை நிறுத்தி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பான். உள்ளே எலுமிச்சைச் சோறு இருக்கும். “அது தண்டல் மவலா, போவட்டும் விடு” என்பார் பழையவர். வெளியே தனலெட்சுமி காத்திருப்பாள். முனி எத்தனை நேரமானாலும் பொறுப்பார் என்று அவளுக்குத் தெரியும். மகளை இழுத்து அணைத்து, முதலில் அவள்தான் உச்சி முகர்வாள்.