கொடியில் நனைந்த பாவாடை

கடலோரத் துப்ரோவ்னிக் நகரத்தின் பழைய கோட்டைக்குள் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் துளியைப் பார்த்தவள் "மழை" என்று குரல் கொடுக்க வேண்டும். மறு நொடி எதிர் ஜன்னலில் கை நீண்டு கொடியை இழுக்கும். எதிர்வீட்டுக்காரி யேலே மாதா கோவில் பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து துணி எடுக்கிற ரகம்.

அன்று சந்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க நகரசபை அதிகாரி வந்திருந்தார். சந்தில் இரண்டு வீட்டிலாவது ஊர்க்காரர்கள் குடியிருந்தால் சுற்றுலாக் கூட்டத்தை உள்ளே விடமாட்டார்கள், புது விதி. நாயாய் அலைந்து நான் வாங்கிய விதி. மற்ற வீடெல்லாம் வாடகை அறைகளாகிவிட்டன, மிச்சம் நானும் யேலேயும்தான். என் வாசற்படியில் ஒலிபெருக்கி வைத்துக் கதை அளக்கும் சுற்றுலா வழிகாட்டிகளின் கொட்டம் இன்றோடு அடங்கியது என்று இருந்தேன்.

யேலே இரண்டு வாரமாக வெளியே தலைகாட்டவில்லை. காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும், வந்துவிடாதே என்று போனில் சொல்லியிருந்தாள். ஆனால் கொடியில் துணி தினமும் மாறியது. அதிகாரிக்கு அதைத்தான் காட்டினேன்.

"அந்த நீலப் பாவாடை யேலேயோடது. ஆளில்லாத வீட்டுல துணி காயுமாய்யா?"

அவரும் சிரித்துத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துத் தெற்குக் காற்று கிளம்பி, என் மூக்கில் ஒரு துளி விழுந்தது. "மழை" என்று கத்தினேன். கை நீளவில்லை. மறுபடி கத்தினேன். பாவாடை சொட்டச் சொட்ட நனைந்தது. செத்துகித்துப் போய்விட்டாளோ? ஓடிப்போய்ப் படியேறிக் கதவைத் தட்டினேன்.

திறந்தவன் இடுப்பில் துண்டோடு ஒரு வெளிநாட்டுக்காரன். கொடித் துணியைத் தொடக்கூடாது, துப்புரவுக்காரிதான் வந்து மாற்றுவாள் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாராம். அங்கேயே நின்று யேலேயைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க?"

மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகவும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

"அப்ப துணி எதுக்குடி?"

"எதிர்ல ஆளில்லன்னு தெரிஞ்சா நீயும் கெளம்பிடுவ, தேசா. அதான் போடச் சொன்னேன்."

போனை அணைத்தேன். கீழே இறங்கினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அதிகாரிக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் ஒரு வீடுதான் என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"உங்க துணியும் நனையுதும்மா."