எந்த உறுப்பினரும்

கடல் தாண்டிப் பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காஜா பேராங் வட்டாரத் தமிழர்களின் வாசகர் சங்கத்தில் சிவகாமசுந்தரி ஒருத்திதான் பெண் உறுப்பினர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். மாதாமாதம் சந்தா கட்டினாலும், வாசலில் நின்று புத்தகம் வாங்கிப் போவாளே தவிர உள்ளே உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை காலையாவது பெண்களுக்கு இடம் விட வேண்டும், அதற்குப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

செயலாளர் கலியாணசுந்தரம் ஆங்கிலத்தில் அச்சிட்ட விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கூட்டம் கேக்க உரிமை 'எனி மெம்பரு'க்குன்னு இருக்கும்மா. எனின்னா எல்லாரும். நீங்க ஒரு ஆளு கேட்டா எப்படி?"

வீடுவரை அந்த ஒரு சொல்லே அவள் மண்டைக்குள் ஓடியது. மறுநாள் வேலை முடிந்ததும் திரும்பி வந்தாள். அலமாரிச் சாவி ஜவுளிக்கடை காதர் மைதீனிடம் இருந்தது. தடித்த அகராதியை எடுத்துக் கொடுத்தவர், அவள் வாசலிலேயே அதை விரிப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அட, அந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டா படிப்பீங்க? உள்ள வந்து உக்காருங்க தங்கச்சி."

உட்கார்ந்தாள். 'எனி' பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தாள். மனம் லேசாயிற்று.

அவள் கொண்டுபோய்க் காட்டிய பக்கத்தைக் கலியாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பிறந்தது அப்படி இருக்கலாம். இப்ப வழக்கத்துல என்ன அர்த்தமோ, அதுதானேம்மா கணக்கு?"

"எனி டே வாங்கன்னு டாக்டர் சொன்னா ஏழு நாளும் போவீங்களா சார்?"

காதர் மைதீன் சிரித்துவிட்டார். கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை, விதிப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தார்.

"எந்த உறுப்பினரும்... ஒருத்தரா இருந்தாலும். சரிதான். இத்தனை வருஷமா நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்."

அன்றைக்கே அறிவிப்பு எழுதி ஒட்டினார். கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் பலமாகவே எழுந்தது. கடைசியில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் சனிக்கிழமை காலை கிடைத்தது, மூன்று மாதச் சோதனையாக.

முதல் சனிக்கிழமை சிவகாமசுந்தரியோடு பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மட்டும் வந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பத்திரிகையை மடியில் வைத்து, ஒரு தலைப்பை மூன்று முறை முட்டி மோதிப் படித்து முடித்தாள். பிறகு காலை நன்றாக நீட்டிக்கொண்டு, "அடுத்த பக்கத்துல என்னக்கா போட்டிருக்கான்?" என்றாள்.