வீடு தேடி வந்த விசாரணை

மத்தியப் புலனாய்வு வேலைக்குப் போகச் சொல்லி என் தம்பியைப் பிடித்துத் தள்ளியவள் நான்தான். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. விண்ணப்பம் போடச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். "இவ்வளவு படிச்சுட்டு வாடகைக் கார் ஓட்டியே காலத்தைத் தள்ளப் போறியா?" என்று நான் கத்தின கத்தலில்தான் போட்டான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்முகம் எல்லாவற்றிலும் தேறினான். செய்தி வந்த அன்று தையல் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷப்படக்கூடத் தெரியாத ஜென்மம் என்று திட்டினேன்.

பாக்கி இருந்தது வீட்டு விசாரணை மட்டும். அதிகாரிகள் வந்து குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்த்து, ஆள் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் உத்தரவு வரும். நான் முன்கூட்டியே பக்கத்து வீடுகளுக்குப் போய், வாயைத் திறந்தால் நல்லதாக நாலு வார்த்தை வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். தம்பி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுக்கா. மாமாவைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

குடும்ப மானத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர். குடித்துவிட்டு வந்து என் கையை முறித்த மகராசன். நான் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது தம்பிதான் வந்து சொன்னான், மாமா வெளிநாட்டுக்குப் போய்விட்டார், நானே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன், இனிமேல் வரமாட்டார் என்று. விட்டது சனியன் என்றுதான் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. நானும் தேடவில்லை.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நரைமீசைக்காரர், இன்னொருத்தி சின்னப் பெண். டீ குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார்கள். வெளிநாட்டில் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அடிபட்டுக் கிடந்த அக்காவுக்காக என் தம்பி என்னவெல்லாம் செய்தான் என்று அவிழ்த்துவிட்டேன். அந்த மனுஷனை ஏர்போர்ட் வரை கொண்டுபோய் விட்டவனே இவன்தான் என்று பெருமையாகச் சொன்னேன். நரைமீசைக்காரர் தலையாட்டினார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நரைமீசைக்காரர் மட்டும் தனியாக வந்தார். டீ வேண்டாம் என்றார். நாற்காலியை மிஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குடும்பத்தில் எல்லோரையும் சரிபார்ப்பது எங்கள் வழக்கம் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுக்காரர் நாட்டை விட்டுப் போனதா எங்கேயும் பதிவு இல்லைம்மா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உங்கள் ஆபீஸில்தான் ஏதோ கோளாறு, ஒழுங்காகத் தேடிப் பாருங்கள் என்று அவரிடமே எகிறினேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. என் வீட்டுக்காரர் போகும்போது என்னென்ன எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் சட்டைகள் கொடியில் அப்படியே தொங்கின. அவரிடம் இருந்த ஒரே ஜோடிச் செருப்பு வாசலில் கிடந்தது. தொலைந்தது பீடை என்று நானேதான் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். வெறுங்காலோடு எந்த மனுஷன் விமானம் ஏறுவான்? இத்தனை காலம் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"கடைசியா அவரைப் பாத்தது யாரும்மா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலைத்தான் நான் போன வாரமே டீயோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டேனே.

வாசலில் தம்பியின் பைக் வந்து நின்றது. உள்ளே வந்தவன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஓடிவிடுடா என்று கத்தத் தோன்றியது. அவன் ஓடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முறிந்து கூடிய என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வேலையே வேண்டாம்னு நான் சொன்னேனேக்கா" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை.