தோலோன் கணவாயில் நின்ற வேன்

அண்ணன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து, கொச்கோர், நாரின் என்ற இரு மலை ஊர்களுக்கும் இடையே அவருடைய வாடகை வேனை அண்ணி புருல்தான் ஓட்டிவந்தார். அன்று நானும் கூடப் போனேன். நாரினில் நடக்கவிருந்த தன் மகன் கல்யாணத்துக்கு ஆடு உரிக்க ஆள் வேண்டுமென்று ஊல்கான் பெரியம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். அவரும் வேனில்தான் இருந்தார். பின்சீட்டு முழுக்க அவர் பொரித்துக் கட்டிய மாவுருண்டை மூட்டைகள்.

வழியில் தோலோன் கணவாயில், அங்கே குதிரை மேய்க்கும் ஜூமாஷ் அண்ணனின் கூடாரத்தருகே நிறுத்தி, புளித்த குதிரைப்பால் குடித்தோம். திரும்பி வந்து அண்ணி சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’.

“தள்ளிப் பாக்கலாமா அண்ணி?”

“ஆட்டோ கியர் வண்டிய எவ்வளவு தள்ளினாலும் உங்களுக்குப் பசிதான் எடுக்கும், தம்பி.”

“ஆம்பள ஓட்டுற வண்டில போலாம்னு நான் அப்பவே நெனச்சேன்,” என்று ஊல்கான் பெரியம்மா ஆரம்பித்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க. மாப்பிள்ளையோட அம்மா மலைல மாடு மேய்க்கிறாளான்னு கேப்பாங்க.”

“இங்க ஏது மாடு பெரியம்மா? ஜூமாஷ் அண்ணன்கிட்ட குதிரைதான் இருக்கு.”

அண்ணி முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். வெளிச்சம் மங்கவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, கோளாறு ஸ்டார்ட்டரில். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கம்பளத் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் போகிற சந்தில் இருந்தது அந்த ஸ்டார்ட்டர். கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே போல்ட்டைத் தேடித் திருகினார். ஒன்று அசைய மறுத்தது. “வாடா என் செல்லம், வந்துடு” என்று முரட்டுக் குதிரையிடம் கெஞ்சுவதுபோல் அதனிடம் கெஞ்சினார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. ஸ்டார்ட்டரை மார்போடு அணைத்திருந்தார்.

“இதுக்கு முன்னாடி தொறந்திருக்கீங்களா அண்ணி?”

“இல்ல. சந்தைல ஒருத்தர் தொறந்தப்ப பக்கத்துலயே நின்னு பாத்தேன். போங்கன்னாரு, நான் போகல. நீங்க திருகு கீழ விழாம பாத்துக்கங்க.”

உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள். சாவியைத் திருப்பும்போது ஒரு வட்டத்தகடு வந்து இரண்டையும் தொட்டால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஒரு துண்டு தேய்ந்து பள்ளமாகிவிட்டதால் தகடு அதைத் தொடவே இல்லை.

“தடிச்ச செம்பு கொஞ்சம் கெடைச்சா போதும்,” என்றார் அண்ணி.

ஜூமாஷ் அண்ணன் கெண்டியைக் கொண்டுவந்தார், அது அலுமினியம். தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிவந்தார், அது பித்தளை. ஊல்கான் பெரியம்மாவின் கையில், ரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று போட்டிருந்த தடித்த செம்பு வளையல் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன பாக்குற? கேட்டா குடுக்க மாட்டேன்னு நெனச்சியா?”

“வெட்டணும் பெரியம்மா. திருப்பித் தர முடியாது.”

“வெட்டு, வெட்டு. உன் வண்டில ஏறுனதுலேர்ந்து எனக்குப் பிரஷர் ஏறித்தான் கெடக்கு.”

ஜூமாஷ் அண்ணன் குதிரைக்கு லாடம் அடிக்கும் சாமான்களைக் கொண்டுவந்தார். வளையலை வெட்டி, தட்டி வளைத்து, லாட ஆணியால் ஓட்டை போட்டு, அரத்தால் ராவினார்கள். நல்ல துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் ராவுவது, தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது என்று அண்ணி அவசரமே படவில்லை. பெரியம்மா சாலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் அண்ணியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இந்த மனுஷியை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மீண்டும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இந்தமுறை ‘டக்’ சத்தம்கூட இல்லை.

“போச்சு! வளையலும் போச்சு, கல்யாணமும் போச்சு!”

அண்ணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சாவிலேர்ந்து வர்ற சின்ன ஒயர மாட்டவே இல்ல!”

மறுபடி அடியில் புகுந்து வந்தார். இந்தமுறை சாவி திரும்பியதுதான் தாமதம், எஞ்சின் உறுமியது. ஜூமாஷ் அண்ணன் போட்ட கூச்சலில் குதிரைகள் சிதறி ஓடின.

நாரினில் பெண்வீட்டார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். ஊல்கான் பெரியம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் பெரியவர்கள் வரிசையில் உட்காரவைத்து, கொழுத்த கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்.

“இவ யாருன்னு தெரியுமா? மலை உச்சில, தனியாளா, எஞ்சினையே கழட்டிக் கீழ வெச்சவ!”

“ஸ்டார்ட்டர் மட்டும்தான் பெரியம்மா,” என்றார் அண்ணி, காதில் கரியோடு.

“நீ பேசாம சாப்பிடு. கதை சொல்றது நானு.”