தையல்காரர் கண்ணில் விழுந்த தையல்

“கண்ணைத் தைக்கிறதுக்கு நான் என்ன கிழிஞ்ச கால்சட்டையா?”

“கிழிஞ்ச கால்சட்டை இப்படிக் கத்தாதுங்க! அரைக் கண்ணு வெச்சுக்கிட்டு வாய் மட்டும் முழுசா இருக்கு!”

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் சொட்டு மருந்தை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். கத்தியவர் எங்கள் தெருத் தையல்காரர். பதில் கொடுத்தது அவர் மனைவி.

ஏழு வாரத்துக்கு முன்னால் அவர் வலது கண்ணில் பஞ்சு விழுந்தது. நாமாக இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். அவர் நூல் நுனியை நாக்கில் நனைத்து, முறுக்கி, கண்ணாடி முன் நின்று பஞ்சைத் தூண்டில் போட்டு எடுத்தார். முப்பது வருஷக் கைப்பழக்கம். பஞ்சு வெளியே வந்தது. வாய்க்கிருமி உள்ளே போனது. “தூசுதான்” என்று ஒரு வாரம் ஓட்டினார். அதற்குள் கருவிழியில் வெள்ளையாகப் புண். மணிக்கொரு சொட்டு விட்டதில் கிருமி ஒழிந்தது. புண் மட்டும், மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கிளம்புவதாக இல்லை.

“இன்னும் விட்டா கருவிழியில ஓட்டை விழுந்துடும், மாஸ்டர்” என்றார் அவருக்கு வைத்தியம் பார்த்த சின்ன வயசு டாக்டரம்மா. “பிரசவத்தப்போ குழந்தையச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்ல, அதைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம். புண்ணு மேல அதை வெச்சுத் தைப்போம். இமை ஓரத்துலயும் ரெண்டு தையல் போட்டுப் பாதி மூடிட்டா, காயாம ஆறும்.”

தையல்காரருக்குப் பயம்தான். பயம் என்று சொன்னால் மானம் போய்விடுமே!

“தையலைப் பாக்காம நான் துணியையே குடுக்க மாட்டேன். கண்ணைக் குடுப்பேனா?”

டாக்டர் கோபப்படவில்லை. அவரை உள்ளே அழைத்துப்போய், ரப்பர் கையுறைத் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் விரித்தார்.

“நீங்களே ஒண்ணு போடுங்களேன்.”

அவர் நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார். “நூல் எங்க?”

“உங்க விரல்லதான் இருக்கு.”

தலைமுடி அதற்குப் பக்கத்தில் தாம்புக்கயிறு. ஒரு பெருமூச்சு விட்டார். நூல் நழுவித் தொங்கியது. விரலால் பிடித்தார்; பழக்க தோஷம், கை நேராக நாக்குக்குப் போனது.

மனைவி மணிக்கட்டில் பட்டென்று ஒன்று போட்டாள். “மறுபடியுமா?”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புது நூலெடுத்து மூன்று தையல் போட்டுக் காட்டினார். தையல்காரர் நெடுநேரம் குனிந்திருந்தார். இடைவெளி ஒரு இழை பிசகவில்லை. இதைவிட நல்ல தையல் தான் போட்டதில்லை என்பதை மனைவி முன்னால் எப்படிச் சொல்வது?

“கையெழுத்து எங்க போடணும்?” என்றார்.

ஆறு வாரம் பாதிக் கண்ணோடு நடமாடினார். தையல் பிரித்த அன்று டாக்டர் கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். புண் மிச்சமிருந்தால் பச்சையாக மின்னுமாம். மின்னவில்லை.

“ஆறிடுச்சு, மாஸ்டர்.”

மனைவி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள், அதுவரை அவரைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து. ஓரத்தில் மெல்லிய மூட்டம் மாதிரி ஒரு தழும்பு நின்றுவிட்டது. இருந்தாலும் பார்வை பிழைத்தது.

மறு வருஷம் டாக்டர் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு கடலோர ஊருக்குக் குடிபோனார். கல்யாண உடை தைத்தது யார் என்று கேட்க வேண்டுமா? கழுத்துத் தையலை மட்டும் நான்கு தடவை பிரித்துப் போட்டாராம். ஊசி கோத்துக் கொடுத்தது மனைவி. அவர் நாக்கில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.