ஃபியூ என்றால் எத்தனை பேர்

சூலக்கரை கலெக்டர் ஆபீசின் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு மேனேஜர் பலவேசம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"ஏத்தா லட்சுமி, விசாரணைக்கு வந்திருக்க ஆபீசர் வடக்கத்திக்காரரு. இங்கிலீசுலதான் கேப்பாரு. நான் சொல்றத மட்டும் திருப்பிச் சொல்லு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

செல்வலட்சுமி தலையை ஆட்டினாள். அவள் கையிலிருந்த ஃபைலுக்குள், போன வாரம் அவளே டைப் அடித்த கம்பெனியின் விளக்கக் கடிதம் இருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் அவள் ஆபீஸ் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். ஆர்டர் லெட்டர், லைசென்ஸ் லெட்டர் எல்லாம் அவள் கைதான். புருஷன் முனியராஜ் அதே கம்பெனி லோடு லாரி ஓட்டுகிறான். வீட்டு உலையில் விழுகிற அரிசி மொத்தமும் அந்த ஒரே கேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும்.

பன்னிரண்டாம் நம்பர் ரூமில் மருந்து உராய்ந்து வெடித்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சீசன் நெருக்கடியில் அன்றைக்கு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். மற்ற நாலு பேர் மதுரை ஆஸ்பத்திரியில், வாய் திறந்து பேச முடியாமல் கிடந்தார்கள். ரிஜிஸ்தரிலோ நாலு பெயர்தான். செத்துப்போன ரோஜாவின் பெயர் அதில் இல்லை. தோழிக்குச் சோறு கொடுக்க வந்த வெளியாள் என்று கம்பெனி சொன்னது. விட்டுப்போன மற்ற இரண்டு பேரும் வெளியே மரத்தடியில் நின்றவர்களாம்.

கடிதம் எழுதிய அன்று பலவேசம், "ரூமுல கொஞ்சப் பேருதான் இருந்தாக, கொஞ்சம் மருந்துதான் இருந்துச்சுன்னு எழுது" என்றார். தமிழில் ஆளுக்கும் மருந்துக்கும் ஒரே கொஞ்சம் போதும். இங்கிலீஷில் அது நடக்காது. எண்ணக்கூடியதற்கு ஃபியூ, எண்ண முடியாததற்கு லிட்டில். அதிலும் முன்னால் ஓர் 'எ' போட்டால் சிலர் இருந்தார்கள் என்றாகும், போடாவிட்டால் அநேகமாக யாருமே இல்லை என்றாகும். அவள் அதை விளக்கப் போனபோது பலவேசம், "எது கம்மியாத் தெரியுமோ அதப் போடுத்தா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். 'எ' இல்லாமலே அடித்தாள். அடித்து முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். வாக்கியத்தில் ஓர் இலக்கணப் பிழை கிடையாது. 

ரோஜா தினமும் கம்பெனி வேனில் அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளின் இங்கிலீஷ் நோட்டைச் சில நாள் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். போன மாசம் கேட்டது இந்தப் பாடத்தைத்தான்.

"ஏன்க்கா, அரிசிக்கு 'ஹவ் மச்'சுன்னு போட்டிருக்கு. அரிசிய எண்ணலாம்ல? ஒண்ணு, ரெண்டுன்னு."

"எண்ணலாம்டி. ஆனா யாரு எண்ணுதா? அம்புட்டையும் அள்ளித்தான போடுதோம்."

ரோஜா நோட்டை மூடினாள். "வெள்ளைக்காரனுக்குப் பொறுமை இல்ல போல" என்று சிரித்தாள். வேனே சிரித்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிதத்தை நிதானமாக வாசித்தார். ஓர் இடத்தில் பேனா நின்றது.

"ஃபியூ வொர்க்கர்ஸ்," என்று வாசித்தார். "ஃபியூ மீன்ஸ்? ஹவ் மெனி?"

செல்வலட்சுமி பலவேசத்தின் பக்கம் திரும்பினாள். "கொஞ்சப் பேருன்னா எத்தன பேருன்னு கேக்காரு."

"நாலு பேருன்னு சொல்லு."

ஃபோர் என்பது ஒரு சின்னச் சொல். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அன்று காலை வேனைவிட்டு இறங்கியதும் ஏழு பேரும் அந்த ரூமைப் பார்த்து நடந்ததை அவள் பார்த்திருந்தாள். ரோஜா நின்று செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டுக் கடைசியாக ஓடினாள்.

"செவன், சார்."

பலவேசத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் செவன் தெரியும். நாற்காலி கிறீச்சிட்டது. ஆபீசர் அவரைப் பார்க்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைத்தான் கேட்டார். அதே வேனில் வந்தேன் என்றாள். நேம்ஸ் என்றார். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கடைசிப் பெயருக்கு அவர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். ஆர், ஓ, ஜே, ஏ. அந்த நாலு எழுத்தும் தாளில் விழுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடியில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் பலவேசம் சத்தம் போடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கும் அந்தப் பிள்ளையத் தெரியும்லா. சொல்ல முடிஞ்சா நான் சொல்லிருக்க மாட்டனா?" என்றார். பிறகு, "முனியராஜ நெனச்சியா?"

"நெனச்சேன்யா."

அவர் படியிறங்கிப் போனார். கார் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

கீழே வேப்பமரத்தடியில் ரோஜாவின் அம்மா குருவம்மாள் இருந்தாள். நஷ்டஈடு கேட்கும் மனுவோடு காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

"சித்தி, ரோஜா பேர எழுதிக்கிட்டாக. அங்கன வேல பாத்தான்னு எழுதிக்கிட்டாக."

குருவம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "யாரு சொன்னா?"

"நாந்தான்."

 கிழவி எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது முனியராஜ் போன் செய்தான். "லாரிச் சாவிய வாங்கிட்டாக. என்ன ஏதுன்னு ஒண்ணும் சொல்லல." அவள் நடந்ததைச் சொன்னாள்.  

"சாப்ட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"சரி, வா."

உச்சிவெயில். தார் இளகிக் கிடந்தது. அங்கே இருந்த நிழல் ஒரு விளம்பரத் தட்டியின் நிழல்தான், முழம் அகலம். அதில் நின்றிருந்த குருவம்மாள் ஒதுங்கி, பாதி நிழலை அவளுக்கு விட்டாள். ரோட்டுக் கோடியில் கானலுக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. எந்த ஊர் பஸ் என்று இன்னும் தெரியவில்லை.