பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து

கமாவின் வீட்டுப் பீரோவில் ஒரே மனிதர் இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்துக் கிடந்தார். புகழ்பெற்ற கிளாரினெட் மாஸ்டர் அவர். அவருடைய மரணச் செய்தி வந்த பழைய செய்தித்தாள்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பதுதான் கமாவுக்கு வேலை.

“பாவம், அந்த மனுஷன் ஒரு தடவைதான் செத்தாரு. நீங்கதான் அவரைத் தினம் சாகடிக்கிறீங்க” என்பாள் மனைவி. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அது எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஊர் கமாவைப் பெரிய இசை ரசிகர் என்று நம்பியது. ரசிகராம் ரசிகர்! கிளாரினெட்டுக்கும் சைக்கிள் பம்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவராக இருந்தார். புள்ளி, கமா ஒவ்வொன்றிலும் நின்று நின்று போவதால் அலுவலகத்தில் வைத்த பெயர்தான் கமா.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். இரங்கல் செய்தியை முன்கூட்டியே அச்சுக்கோத்து வைத்தாயிற்று. பெரிய மனிதர்களுக்குப் பத்திரிகைகள் செய்கிற முன்னேற்பாடுதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால்தான் பக்கத்தை அச்சுக்கு விடவேண்டும் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன் வரவில்லை. அச்சு இயந்திரம் காத்திருந்தது. விடியும்வரை தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, நாம் மட்டும் பின்தங்குவதா? கமா பக்கத்தின் வலது கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த மூலையில் கையெழுத்து விழுந்தால் பக்கம் சரி, அச்சிடலாம் என்று அர்த்தம்.

மாஸ்டர் இறந்தது மறுநாள் காலை பத்து மணிக்கு. போன் வந்ததா என்று ஆசிரியர் கேட்டபோது, ‘வந்தது’ என்றார் கமா. ஊர் அழுத அழுகையில் நேரத்தை யார் பார்த்தார்கள்? முந்திக்கொண்டதற்காக ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்றைக்கும் வலிக்கிறது.

நடுவே இருந்த சில மணி நேரத்தில் அந்தப் பேப்பர் மாஸ்டரின் கண்ணில் பட்டதா? அது ஒன்றுதான் கமாவுக்குத் தெரியவேண்டும். அன்று ஆஸ்பத்திரிக்குப் போன பிரதி எங்காவது கிடைக்குமா என்றுதான் இத்தனை தேடலும். படவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பீரோவைக் காலி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

கடைசியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரிடம் ஒரு பிரதி இருப்பதாகத் தகவல் வந்தது. மறுநாள் மத்தியானமே கமா மாடிப்படியேறி மூச்சு வாங்க அவர் வீட்டில் போய் உட்கார்ந்தார். நர்ஸ் தேநீரை வைத்துவிட்டு, தையல் மிஷின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார்.

“அன்னைக்குக் காலை டியூட்டி நான்தான் சார்.”

“இந்தப் பேப்பர் வார்டுக்கு வந்துச்சா, சிஸ்டர்?”

“அவர் கைக்கே வந்துச்சு. நாங்க ஒளிக்கிறதுக்குள்ள எடுத்துட்டாரு. படிச்சிட்டு ஒரே சிரிப்பு. மூச்சு முட்டுது, அப்பவும் சிரிக்கிறாரு. அப்புறம் பேனா கேட்டாரு.”

கமா பேப்பரை விரித்தார். அன்று அவர் கோட்டை விட்ட இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுற்றி வட்டம் இருந்தது. ‘நேற்று இரவு காலமானார்’ என்ற வரியில் ‘நேற்று இரவு’ அடிக்கப்பட்டு, மேலே நடுங்கும் எழுத்தில் ‘இன்று காலை’ என்று இருந்தது.

“ஊசி போடப் போனேன். கையைத் தள்ளிட்டாரு. ‘வேண்டாம்மா, பேப்பர்லயே வந்தாச்சு. நான் எந்தக் கச்சேரிக்கும் லேட்டா போனதில்லை’ன்னாரு. டாக்டர் வந்து கெஞ்சியும் கேக்கல. பத்து மணிக்குப் போயிட்டாரு.” நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதை எழுதினவன் எவனோ, சரியான கருநாக்கு!”

நான்தான் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. கமா அதைத் தேநீரோடு விழுங்கினார். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“கீழ பாருங்க சார், ஆட்டோகிராப்! அவர் போட்ட கடைசி ஆட்டோகிராப். அதுக்காகத்தான் இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்தேன். ரசிகர் நீங்க, இனி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

கமா பார்த்தார். வலது கீழ் மூலை. அன்று அவர் கையெழுத்துப் போட்ட அதே மூலை. பிழைகளை எல்லாம் திருத்தி முடித்துவிட்டு, பக்கம் சரி, அச்சிடலாம் என்று மாஸ்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.